மூச்சை இழுத்துப் பிடிங்க

…கிளம்ப இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம், அதற்குள் இந்தப் பட்டன் அறுந்து வந்தாக வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிட்டு, சத்தத்துக்காகக் குழாயைத் திறந்துவிட்டு, தன்னுடைய சீருடைச் சட்டையின் வலது பைமூடியில் இருந்த பட்டனை நகவெட்டியால் கொறித்துக்கொண்டிருந்தான் டைம்கீப்பர். பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருஷமாக விசில் ஊதி, ஏட்டில் நேரம் எழுதி, வண்டிகளை நிமிஷம் பிசகாமல் அனுப்பிவைக்கிறவன், பணிமனையில் மட்டுமில்லை, வீட்டிலும் அதுதான் பெயர், மகளுக்குக் கோபம் வந்தால் மட்டும் ‘அட்டவணை’. இடது பைமூடிப் பட்டன் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது, தைத்துத் தருகிறேன் தருகிறேன் என்று மனைவி சொல்லிக்கொண்டே… இல்லை, நியாயமாகப் பார்த்தால் ‘கழட்டிக் கொடுங்க, தைக்கிறேன்’ என்றுதான் அவள் சொன்னாள், கழட்ட நேரமில்லை என்று ஓடியது இவன்தான், சரி, அது போகட்டும், இப்போது வலதும் போகிறது, எதற்கு? புதுச் சட்டைக்கு, ‘சருகு நிறம்’ என்று மகள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்த சட்டைக்கு, போட்டுப் பார்க்கிற அவசரத்தில் மேலிருந்து இரண்டாவது பட்டன் தெறித்து எங்கே போனதோ, கட்டிலுக்கு அடியில் நாலு காலில் தவழ்ந்து தேடியாயிற்று, கிடைத்தது ஒரு ஒற்றைக் காலுறை, மகள் ஆறாம் வகுப்பில் தொலைத்துவிட்டு அழுத அழிரப்பர், பட்டன் இல்லை. மனைவியிடம் சொல்லலாமே? சொல்லலாம், சொன்னால் ‘நிதானமாப் போட்டா என்னங்க’ என்று ஆரம்பித்து, கல்யாணமான வருஷத்திலிருந்து அவசரத்தில் இவன் உடைத்தது, கிழித்தது, கொட்டியது எல்லாம் தேதிவாரியாக வரும், தபால் அலுவலகக் கவுண்டரில் உட்காருகிறவள், எந்தக் கடிதமும் அவளிடம் தொலைந்ததில்லை. சீருடைப் பட்டன் பழுப்பு, சட்டை சருகு, பத்தடி தள்ளி நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது… கேமராவுக்குத் தெரியுமோ? “என்னங்க, உள்ள என்ன பண்றீங்க, அப்பா குளிக்கணுமாம்” என்று கதவுக்கு வெளியே அவள் குரல், டக், பட்டன் கையோடு வந்துவிட்டது, வாயில் ஊசி இருந்ததால் ‘ம்’ என்று மட்டும் சொன்னான்.

அவளுடைய அப்பா, அதாவது இவனுடைய மாமனார், குளிக்கவேண்டும் என்றால் உடனே கதவைத் திறந்துவிடுவது என்கிற சட்டம் போன செவ்வாய்க்கிழமை வரை இந்த வீட்டில் கிடையாது. அவர் தட்டினால் இவன் இன்னொரு முறை சோப்புப் போட்டுக்கொள்வான், இவன் தட்டினால் அவர் தலைக்கு இன்னொரு சொம்பு ஊற்றிக்கொள்வார், ஆறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் எலியும் பூனையும், யார் எலி யார் பூனை என்பது அன்றன்றைய நிலவரம். புதன்கிழமை எல்லாம் தலைகீழ். அன்று இவன் பத்து நிமிஷம் முன்னதாக வீடு வந்தான், அதுவே ஒரு அதிசயம், வந்து செருப்பைக் கழற்றும்போது பால்கனியில் மாமனார் போனில் பேசுவது கேட்டது, ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது, காதை மூடிக்கொள்ளவில்லை அவ்வளவுதான். “படம் பார்த்தேன்… ஆமா, வலது பக்கம்தான், மேல… தெளிவா இல்ல, அதான் யோசனையா இருக்கு… பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல, அவ தாங்கமாட்டா… ஞாயித்துக்கிழமை போகட்டும்… திங்கக்கிழமை காலைல முதல் ஆளா வந்துடறோம்.” அப்புறம் ஒரு பெருமூச்சு, அந்த மனிதர் பெருமூச்சு விட்டு இவன் கேட்டதே இல்லை, மற்றவர்களை விடவைப்பதுதான் அவர் தொழில். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர், இன்றைக்கும் அவர் வாயில் படம் என்றால் சினிமா இல்லை, சுவரில் மாட்டுகிற படம் இல்லை, நெஞ்சுக்கூடு, இடுப்பெலும்பு, முட்டி. அப்படியென்றால் வலது பக்கம் மேலே என்பது? நுரையீரல். யாருடையது? பொண்ணு தாங்கமாட்டாள் என்றால் வேறு யாருடையதாக இருக்க முடியும், ஊரார் நெஞ்சுக்குள் இருந்த நிழலையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் இப்போது தன்னுடைய நிழலையே…

அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் அவர் அதைச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமே, நாம் வாராவாரம் நடக்கப் போகிற ஏரிக்கரையிலேயே, நல்ல ஆளாகப் பார்த்து ஏற்பாடு பண்ணுங்கள் என்று. மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மனைவிக்கு ஒரே சந்தோஷம், அப்பாவா கேட்கிறீங்க என்று இரண்டு தடவை கேட்டாள், கேட்காமல் என்ன செய்வாள், கேமராவைக் கண்டாலே ‘மேல்தோலைப் படம் எடுத்து என்னம்மா பண்றது, உள்ள இருக்கிறது உள்ளபடி தெரியணும்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், தன் மகளுடைய கல்யாண ஆல்பத்திலேயே அவருடைய காதுதான் அதிகமாக இருக்கிறது. டைம்கீப்பருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஆக, கடைசிப் படம். பேத்தியோடும் மகளோடும் ஒரு கடைசிப் படம், அதைக் கூட வாய்விட்டுச் சொல்லாமல், ஏதோ கறிக்கு உப்புக் கேட்பதுபோல் கேட்கிறார் மனிதர். பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல் கிடந்தான் அன்று ராத்திரி முழுக்க, பக்கத்தில் மனைவி நிம்மதியாகத் தூங்கினாள், எழுப்பிச் சொல்லிவிடலாமா, சொல்லக்கூடாது, அவர் ஞாயிறு வரை அவகாசம் கேட்டிருக்கிறார், ஞாயிறு வரை வாயைத் திறக்கக்கூடாது, அந்தப் படம் நல்லபடியாக வரவேண்டும், ஒரு குறை இல்லாமல், ஒரு நிமிஷம் தாமதமில்லாமல், இவன் அந்த மனிதருக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான், வேறு எதில்தான் இவனுக்குத் திறமை?

ஒருவேளை பட்டனாக இருக்குமோ என்றும் யோசித்துப் பார்த்தான், ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டே இப்போதும் அதே யோசனை… மாமனாருடைய பட்டன் கதையை இவன் நூறு தடவையாவது கேட்டிருப்பான், ஒரு லாரி முதலாளி, நெஞ்சுப் படத்தில் ஒரு வட்டம், வீட்டில் ஒப்பாரி, உயில் எழுதியாயிற்று, தம்பிக்கு ஒன்றுமில்லை என்று அதில் எழுதி அது வேறு சண்டை, கடைசியில் பார்த்தால் சட்டையோடு நின்று எடுத்த படம், பையில் இருந்த பட்டன், “ஒரு பட்டன் ஒரு குடும்பத்தையே ரெண்டாக்கிடுச்சு மாப்பிள்ளை, அதுக்குத்தான் சொல்றது, எதையும் கழட்டிட்டு நில்லுன்னு” என்று முடிப்பார். ஆனால் லட்சம் பேர் சட்டையைக் கழற்றவைத்தவர் தானே சட்டையோடு நிற்பாரா? குதிரைக்குக் கொம்பு முளைத்தாலும் நிற்கமாட்டார். இவன் அவசரம் அவருக்குக் கிடையாது, அதுவும் ஒரு சண்டை, பணிமனையில் போன மாதம் வருஷாந்தரப் பரிசோதனை நடந்தபோது, ரத்தம், கண், காது, நெஞ்சு, எடை எல்லாவற்றையும் பதினோரு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு பதினொன்று நாற்பத்தைந்து வண்டிக்கு விசில் ஊதியதை இவன் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னான், பணிமனையில் எவனும் அரை மணிக்குக் குறைந்து வெளியே வரவில்லை. அதற்கு அந்த மனிதர் என்ன சொன்னார்? “பரிசோதனைக்குப் போனீங்களா, பஸ் பிடிக்கப் போனீங்களா?” அவ்வளவுதான், மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. இன்றைக்கு அந்த வாய்க்கு… ஆ, விரலில் குத்திவிட்டது. பல்லால் நூலைக் கடித்தான். பட்டன் நின்றுவிட்டது, கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் கோணல், ஆனால் நின்றுவிட்டது.

போட்டோக்காரப் பெண் போனில் அனுப்பிய பட்டியலில் பதினான்கு குறிப்புகள், இவனுக்கு அவளை அந்த ஒரு காரணத்துக்காகவே பிடித்துப்போனது, கோடு போட்ட சட்டை வேண்டாம், கட்டம் வேண்டாம், சீருடை வேண்டாம், முந்தின நாள் முடி வெட்ட வேண்டாம், கால் மணி முன்னதாக வரவும், எல்லாம் சரி, பதினோராவது குறிப்புதான் இடித்தது, ‘இயல்பாக இருக்கவும்’. எழுத்தில் உத்தரவு போட்டால் எப்படி இயல்பாக இருப்பது? இவனுடைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து, திருடனைப் பிடித்த போலீஸா, போலீஸ் பிடித்த திருடனா என்று பணிமனையில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தான், உதட்டைக் கொஞ்சம், பல்லைக் கொஞ்சம், மகள் எட்டிப் பார்த்துவிட்டு, பல் வலியாப்பா என்றாள். இயல்பாக இருக்கிற ஆள் ஒருவர்தான் வீட்டில், அவரோ… கதவைத் திறந்தான், வெளியே துண்டோடு நின்ற மாமனார், “நிதானமா வாங்க மாப்பிள்ளை, எனக்கு என்ன அவசரம்” என்றார். கேலி இல்லை, குத்தல் இல்லை. புதன்கிழமையிலிருந்து இப்படித்தான், சாகப்போகிற மனிதருக்கு வருகிற சாந்தம் இதுதானோ, அந்தக் குரலைக் கேட்டு உண்மை இவன் வாய்வரை வந்துவிட்டது, அதை மறைக்க இருமினான், உடனே அவர், “இருமல் இன்னும் இருக்கா?” என்று கேட்டார், பாருங்கள், அவர் நெஞ்சில் அதை வைத்துக்கொண்டு என் இருமலைக் கேட்கிறார், பணிமனைப் புகையில் நிற்கிறவன் இருமாமல் பாட்டா பாடுவான்?

காரில் ஏறும்போது அடுத்த கூத்து. முன் சீட்டு யாருக்கு என்று ஆறு வருஷ வழக்கு அது, இன்றைக்கு மனைவி ஓட்ட, முன் சீட்டில் நீங்க உக்காருங்க மாமா என்று இவன் கதவைத் திறக்க, இல்ல இல்ல நீங்க காலை நீட்டி உக்காருங்க மாப்பிள்ளை என்று அவர் கதவைப் பிடிக்க, நீங்க, நீங்க, என்று நாலு நிமிஷம் வீணாகி, கடைசியில் மகள் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டாள், ரெண்டு பேரும் ஏதாவது தப்பு பண்ணிட்டீங்களா என்று கேட்டாள். பின் சீட்டில் மாமனும் மருமகனும் ஒருவருக்கொருவர் ஜன்னலைத் திறந்துவிடுவதும், வெயில் படுகிறதா என்று கேட்பதும், மனைவி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். தாமதம் ஏழு நிமிஷம், வழக்கமாக என்றால் இவன் விநாடிக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்ப்பான், இன்றைக்கு ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தான்… இந்தச் சாலை, இந்த வளைவு, ஞாயிறு தவறாமல் ஆறு வருஷம், மனைவியை டாக்டர் நடக்கச் சொன்னதற்காக ஆரம்பித்தது, அவள் முதுகு வலி எப்போதோ போய்விட்டது, நடை போகவில்லை. ஏரியைச் சுற்றி மரங்களுக்கு நடுவே இரண்டரைக் கிலோமீட்டர் மண்பாதை, இவன் மனசுக்குள் அது ஒரு தடம், ஐந்து நிறுத்தம், முதல் நிறுத்தம் மரப்பாலம், இரண்டாவது இடி விழுந்து பிளந்த மரம், மூன்றாவது பெஞ்சு, அங்கே ஆறு நிமிஷம் ஓய்வு, தேநீர் குடுவை திறக்கும். முன்னால் மனைவி, கையை வீசிக்கொண்டு, பாதையில் கிடக்கிற குச்சியைக் காலால் தள்ளிக்கொண்டு, நடுவில் மகள், நோட்டில் பறவைப் பெயர் எழுதிக்கொண்டு, கடைசியில் இவனும் அவரும், இவன் கடிகாரத்தைப் பார்ப்பான், அவர் வேண்டுமென்றே நின்று ஒரு இலையைப் புரட்டிப் பார்ப்பார், நரம்பு ஓடுறதைப் பாருங்க மாப்பிள்ளை, விலாவெலும்பு மாதிரியே இல்ல என்பார், இவன் நேரம் ஆச்சு மாமா என்பான். எத்தனை இலை, எத்தனை ஞாயிறு, ஒன்றையாவது வாங்கிப் பார்த்திருக்கிறேனா? நீங்க இருக்கிற வரைக்கும் மாமா, மனசுக்குள் சத்தியம் செய்தான், நீங்க இருக்கிற வரைக்கும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் கூட நடக்கிறேன்.

வாசலில் இறங்கியதும் பைச் சண்டை, துணி மாற்றும் பையை யார் தூக்குவது என்று, அவர் ஒரு காது, இவன் ஒரு காது, இழுத்ததில் மகளின் சீப்பு கீழே விழுந்தது, உங்களுக்கு மூச்சு வாங்கும் விடுங்க என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். போட்டோக்காரப் பெண் இன்னும் வரவில்லை, ஒன்பது மணிக்கு மூன்றாம் நிறுத்தத்துப் பெஞ்சில் ஆரம்பம் என்பது ஏற்பாடு, இப்போது எட்டு ஐம்பத்தைந்து. மனைவியும் மகளும் காருக்குப் பின்னால் நின்று தலை வாரிக்கொண்டார்கள். அப்போதுதான் உள்ளே இருந்து வேகமாக வந்த வாட்ச்மேன், கேட்டை ஒரு பக்கம் சாத்திக்கொண்டே, “சார், ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துப் போங்க, பெஞ்சுகிட்ட ஒண்ணு படம் எடுத்துட்டு நிக்குது” என்றார். என்ன? எங்கள் பெஞ்சில்? எங்கள் நேரத்தில்? ஒன்பதிலிருந்து பத்தரை வரை எழுதி வாங்கியிருக்கிற நேரத்தில் எவன் வந்து படம் எடுக்கிறான்? ஒன்று படம் எடுக்குது என்கிறார், படம் எடுக்கிறவன் எவ்வளவு அற்பனாக இருந்தாலும் இப்படியா மரியாதை இல்லாமல் பேசுவது, இருக்கட்டும், அடுத்தவன் நேரத்தைத் திருடுகிறவனுக்கு என்ன மரியாதை… பணிமனையில் இன்னொரு வண்டிக்காரன் நேரத்தில் வண்டி எடுக்கிறவனை இவன் விசில் ஊதியே இறக்கிவிடுவான், அதுவும் இன்றைக்கு, எல்லா நாளும் விட்டு இன்றைக்கு, அந்த மனிதருடைய கடைசிப் படத்தன்றைக்கு. வாட்ச்மேன் பின்னால் ஏதோ கத்தினார், காதில் வாங்கவில்லை, மரப்பாலம் தாண்டி, பிளந்த மரம் தாண்டி, ‘எங்க நேரம் இது, எழுத்துல இருக்கு’ என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வளைவில் திரும்பினான்.

பெஞ்சு இருந்தது. கேமரா இல்லை, முக்காலி இல்லை, குடும்பம் இல்லை. பெஞ்சுக்கு இந்தப் பக்கம், இவனுக்கு ஆறடி தூரத்தில், வெயில் பட்ட கல்மேல், முழங்கால் உயரத்துக்கு எழும்பி, கழுத்தை விரித்து, அது படம் எடுத்துக்கொண்டுதான் நின்றது. வாட்ச்மேன் பேச்சில் ஒரு பிழையும் இல்லை, அஃறிணை, ஒன்றன்பால், நிகழ்காலம், பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்கு ஐந்து மதிப்பெண் விட்டது இன்றைக்கு உயிரைக் கேட்கிறது… ஓடலாமா? கால் கேட்கவில்லை. விசில் ஊதலாமா? பாம்புக்குக் காது கிடையாது என்று மகள் சொன்னாளே, அது இதற்குத் தெரியுமா? அப்போது முதுகுப்பக்கம் சட்டையை ஒரு கை கொத்தாகப் பிடித்தது, காதோரம் ஒரு குரல், எந்த அவசரமும் இல்லாத குரல், முப்பத்தைந்து வருஷம் இருட்டறையில் பழுத்த குரல். “மூச்சை இழுங்க… பிடிங்க… அசையாதீங்க…” இழுத்தான், பிடித்தான், அசையவில்லை, அந்தக் குரலுக்கு யாராலும் அசைய முடியாது, பாம்பும் அசையவில்லை, அதற்கும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்னவோ. ஏரியில் ஒரு மீன் துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இவன் எண்ணினான், தொழில் புத்தி, இருபத்திரண்டாவது விநாடியில் அது விரிப்பைச் சுருக்கி, தலையைத் தாழ்த்தி, நமக்கென்ன என்பதுபோல் கல்லிலிருந்து இறங்கி, காய்ந்த புல்லுக்குள் நீளமாக, நீளமாக, இன்னும் நீளமாகப் போய் முடிந்தது. “விடுங்க” என்றார் மாமனார். விட்டான். திரும்பிப் பார்த்தால் அவர் முகம் வெளுத்திருந்தது, ஓடி வந்திருக்கிறார், இந்த உடம்போடு. “உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எம்பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன், சொல்லுங்க” என்றார், திட்டுகிற மாதிரி ஆரம்பித்து வேறு எங்கேயோ போய் முடிந்தது அந்த வாக்கியம். யாருக்கு என்ன ஆகப்போகிறது, யார் யாருக்காக அழுவது, இவனுக்குக் கண் நிறைந்துவிட்டது, சட்டென்று குனிந்து அவர் வேட்… இல்லை, இன்றைக்கு அவரும் கால்சட்டைதான், பேத்தி வாங்கிக் கொடுத்த சருகு நிறம், அதில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துவிட்டான், கூடவே கீழே கிடந்த ஒரு இலையை எடுத்துக் கொடுத்தான். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு வாட்ச்மேன் தடியோடு வந்து, போயிடுச்சு சார், இனி வராது, இதுக்கு இதுதான் வழி, தினமும் வெயில் காயும் என்று சாதாரணமாகச் சொல்ல, மனைவி என்னங்க ஆச்சு என்று கேட்க, ஒண்ணுமில்ல, வேற ஒருத்தர் படம் எடுத்துட்டு இருந்தாங்க, கிளம்பிட்டாங்க என்று மாமனார் முந்திக்கொண்டு சொன்னார், மருமகனைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். ஆறு வருஷத்தில் முதல் கூட்டுச்சதி. போட்டோக்காரப் பெண் வந்தாள், மகளைவிட நாலைந்து வயது பெரியவள், கழுத்தில் இரண்டு கேமரா, ஒன்பது மூன்றுக்கு வந்தாள், இவன் மன்னித்தான். பெஞ்சில் நாலு பேரும், மரத்தடியில் அம்மாவும் பெண்ணும், தாத்தாவும் பேத்தியும், தாத்தாவுக்கு என்ன ஒரு முகவெட்டு என்று அவள் சொல்ல, அவர் உள்ள இருக்கிறது இதைவிட நல்லா இருக்கும்மா என்றார், இவன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். அப்புறம் அவள், இப்ப ஆம்பளைங்க ரெண்டு பேர் மட்டும், அந்த வளைவுலேர்ந்து என்னைப் பார்த்து நடந்து வாங்க, கேமராவை மறந்துடுங்க, உங்களுக்குள்ள ஏதாவது பேசிட்டே, சிரிச்சிட்டே, இயல்பா என்று கையால் வரைந்து காட்டினாள். வளைவு அறுபது அடி. அவள் பக்கத்தில் மனைவியும் மகளும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அறுபது அடி என்றால் மெதுவாக வந்தால் முப்பது விநாடி, ஒரு மனிதரிடம் ஆறு வருஷத்துக்கும் மன்னிப்புக் கேட்க முப்பது விநாடி போதுமா, வண்டி கிளம்பிவிட்டது, இனி நிறுத்த முடியாது… பல்லைக் காட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

“மாமா, எனக்குத் தெரியும். புதன்கிழமை பால்கனில நீங்க பேசினது என் காதுல விழுந்துச்சு.”

மாமனாரின் கால் ஒரு கணம் தயங்கியது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. “முழுசாவா?”

“முழுசா. அவகிட்டகூடச் சொல்லல.”

“தெரிஞ்சும் நாலு நாளா மூச்சு விடாம, எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு, சீட்டு குடுத்துட்டு… உங்களை நான் என்னமோன்னு நெனைச்சிட்டேன் மாப்பிள்ளை. கல்லுதான் நீங்க.”

“நான் என்ன மாமா, தாங்கிக்க வேண்டியது நீங்கதானே.”

சூப்பர் சார், அப்படியே பேசிட்டே வாங்க என்று தூரத்திலிருந்து அந்தப் பெண் குரல் கொடுத்தாள், மகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மாமனார் பேத்தியைப் பார்த்துக் கையசைத்தார், அசைத்துக்கொண்டே, உதடு பிரியாமல் கேட்டார், “மாப்பிள்ளை… நீங்க அது யாரோட படம்னு நெனைச்சிட்டு இருக்கீங்க?”

இவன் நடந்துகொண்டே இருந்தான், கால்தான் நடந்தது, தலைக்குள் நேர ஏடு பின்பக்கமாகப் புரண்டது, வலது பக்கம் மேலே, பொண்ணு தாங்கமாட்டாள், முதல் ஆளா வந்துடறோம்… வந்துடறோம், வந்துடறேன் இல்லை, கூட ஒருவன் வருகிறான் என்றுதானே அர்த்தம், நாலு நாளாக ஒரு எழுத்தை விட்டுவிட்டுப் படித்திருக்கிறேன், இருமல் இன்னும் இருக்கா, காலை நீட்டி உட்காருங்க, உங்களுக்கு மூச்சு வாங்கும் பையை விடுங்க… அவருக்குச் சாந்தம் வந்ததாக நினைத்தது… யாருக்காக இந்தப் படம்?

“உங்களோடதுதான்” என்றார் மாமனார், முகம் முழுக்கச் சிரிப்பு, குரலில் ஒரு துளி இல்லை. “பணிமனை டெஸ்ட்ல எடுத்தது. அங்க இப்ப இருக்கிறவன் எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவன், பேரைப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணினான். பட்டாணி அளவு ஒரு நிழல். என்னன்னு தெரியல, போன்ல அனுப்பினான், போன்ல என்ன தெரியும். நாளைக்குத் திரும்ப எடுக்கணும். சிரிங்க மாப்பிள்ளை, அவ பார்க்கிறா.”

சிரித்தான். இருபதடி. மனைவி தலையைச் சாய்த்து, இவ்வளவு நாள் இல்லாமல் இன்றைக்கு என்ன இவர்களுக்குள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள், காற்றில் நெற்றி முடி பறந்தது, அதை ஒதுக்கக்கூட மறந்து நின்றாள், அழகாகத்தான் இருக்கிறாள், கடைசியாக எப்போது இப்படி நின்று பார்த்தேன், நேரம் பார்த்து எழுதிவைக்கவில்லையே…

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார் மாமனார். “நாலு நாளா கேக்க நாக்கு வரல, கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு. அன்னைக்குச் சட்டையைக் கழட்டிட்டுத்தானே நின்னீங்க?”

பதினொன்று இருபத்தாறு ரத்தம், இருபத்தெட்டு கண், முப்பது காது, முப்பத்திரண்டுக்கு அந்த அறைக்குள் போனது, முப்பத்து நாலுக்கு வெளியே வந்தது, எல்லாம் கல்வெட்டு மாதிரி இருக்கிறது, இரண்டு நிமிஷம், உள்ளே இருந்த ஆள் ஏதோ சொன்னார், ‘சட்டையைக் கழட்டுங்க’ என்றா, ‘சட்டையில பேனா இருக்கா’ என்றா, நான் என்ன சொன்னேன், நேரமில்லை என்றேனா, முன்பக்கம் ஏழு பட்டன், கழற்றி, நின்று, பிடித்து, விட்டு, திரும்ப மாட்ட இரண்டு நிமிஷம் போதுமா, என் வேகத்துக்குப் போதும், போதாது, முன்பக்கப் பட்டன் வரிசை முதுகெலும்புக்கு நேராக மறைந்துபோகும் என்று லாரி முதலாளி கதையில் இவர்தானே சொன்னார், பையில் இருக்கிறதுதான் தனியாகத் தெரியும் என்று, இடது பைமூடியில் பட்டன் இல்லை, ஒரு வருஷமாக இல்லை, வலது பைமூடியில்… இருபத்திரண்டு வருஷத்தில் எந்த வண்டி எந்த நிமிஷம் வெளியேறியது என்று கேட்டாலும் சொல்லுகிறவனுக்கு, அந்த இரண்டு நிமிஷம் மட்டும், தோலில் காற்றுப் பட்டதா படவில்லையா என்பது மட்டும், எவ்வளவு துழாவினாலும்… கை தானாக எழுந்து நெஞ்சுக்குப் போனது, காலையில் கோணலாகத் தைத்த அந்தப் பழுப்புப் பட்டனைப் பிடித்துக்கொண்டது.

சார், கையைக் கீழ விடுங்க, பட்டன் மறையுது என்று அந்தப் பெண் கத்தினாள்.

கையை இறக்கினான். பக்கத்தில் மாமனார், முன்னைவிட மெதுவாக, அந்தப் பழைய குரலில், “விடுங்க மாப்பிள்ளை, மூச்சை விடுங்க” என்றார், அப்போதுதான் தெரிந்தது, வளைவிலிருந்து இதுவரை அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான்.